எமிஷன்: புகையா, உமிழ்வா, காலலா?

கொழும்பில் வாகனம் வைத்திருக்கும் எவரையும் வருடத்துக்கு ஒருமுறை மறித்து நிற்கிற சொல் இது. 'எமிஷன் எடுத்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். காப்புறுதியைப் போல அதுவும் 'எடுக்கிற' ஒரு தாளாகிவிட்டது. வாகனம் வெளிவிடுவதைச் சோதித்துத் தரும் அந்தத் தாள் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. சிங்களப் பேச்சில் அதை 'தும் சஹதிகய' என்பார்கள், அதாவது புகைச் சான்றிதழ். தமிழிலும் பலர் அப்படியே சொல்கிறோம்.

அங்கேதான் குழப்பம். போன வருடம் தெமட்டகொடைப் பக்கம் ஒரு பரிசோதனை நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற த்ரீவீல் ஃபெயில். சாரதிக்குக் கோபம். சைலன்சரைக் காட்டி, "தம்பி, நீங்களே பாருங்க, ஒரு பொட்டுப் புகை வருதா? பிறகெப்படி புகை டெஸ்ட் ஃபெயில்?" என்றார். பார்த்தேன். உண்மையிலேயே வரவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த தாளில் புகை என்று எதுவுமே இல்லை. காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு), ஐதரோகாபன் என்ற இரண்டின் அளவுகள்தான் இருந்தன. பெற்றோல் எஞ்சினில் குழாயை விட்டு அளப்பது இவற்றைத்தான். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை அளப்பது டீசல் வாகனத்தில். அங்கே அக்சிலரேட்டரை மிதித்து, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சாரதியை ஏமாற்றியது இயந்திரமல்ல, 'புகை' என்ற சொல்.

சரி, எமிஷன் என்றால் என்ன? லத்தீனில் 'எமித்தேரே' என்றால் வெளியே அனுப்புதல். அனுப்பப்படுவது புகையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாயு, தூசு, ஒளி, வெப்பம், கதிர் எதுவும் ஆகலாம். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு இதற்கான தமிழ் ஞாபகம் இருக்கும்: ஐதரசனின் 'காலல் திருசியம்' (திருசியம் என்றால் நிறமாலை). அந்தக் காலல்தான் எமிஷன். வகுப்பில் முதன்முதல் கேட்டபோது இதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வாங்கில் நாங்கள் சிரித்தோம்.

சம்பந்தம் இல்லை. காலுதல் என்பது கக்குதல், வெளிவிடுதல் என்ற பொருளுள்ள பழைய வினை. பாம்பு நஞ்சைக் காலும், கான்றது என்பது அதன் இறந்தகாலம். பழந்தமிழில் 'கால்' என்ற பெயர்ச்சொல்லுக்குக் காற்று என்ற பொருளும் உண்டு. நஞ்சைக் கக்குவதற்கும் காற்றுக்கும் ஒரே ஓசையில் சொல் வைத்திருந்த மொழியில், காற்றில் நஞ்சைக் கக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு வேண்டுமா? ஆனால் 'வாகனக் காலல் நியமம்' என்று அறிவித்தல் போட்டால் எத்தனை பேருக்கு விளங்கும் என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் 'உமிழ்வு' என்கிறார்கள். உமிழ்நீர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விளக்கவே தேவையில்லை. 'வெளியேற்றம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட பின் எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கனம் வந்துவிட்டது. சிங்களத்தின் எழுத்து வழக்கு 'விமோசன'. நம்முடைய பாவ விமோசனம், சாப விமோசனம் எல்லாம் அதே வடசொல்தான்! அங்கே புகைக்கு விடுதலை, இங்கே மனிதனுக்கு.

என் ஓட்டு உமிழ்வுக்கே. பாடப்புத்தகத்தில் காலல் இருக்கட்டும்.

சட்டத்தில் இந்தச் சொல் ஏன் முக்கியம் என்றால், எமிஷனுக்கு ஒரு வாய் உண்டு. சைலன்சர், புகைபோக்கி, கொதிகலனின் குழாய் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடம், அதற்கு ஒரு சொந்தக்காரர். காற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் சட்டத்தில் இரண்டு விதமான நியமங்கள் இருக்கின்றன. (நியமம் என்பது இங்கத்தைய சொல், தமிழ்நாட்டில் தரநிலை. வளி மாசடைதல், சுற்றாடல் என்பவையும் அப்படித்தான்.) ஒன்று நாம் சுவாசிக்கும் சூழ்வளியின் தரம். 1994இல் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது. 2008 திருத்தத்தில் பீஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு ஒரு கன மீற்றரில் நாள் சராசரி 50 மைக்ரோகிராம், வருடச் சராசரி 25 என்று எல்லை வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15உம் 5உம். இந்த எல்லை தாண்டினால் யாரைப் பிடிப்பது? யாரையும் முடியாது. மற்றது உமிழ்வு நியமம். அதில் ஆளைப் பிடிக்கலாம்.

இரண்டுக்கும் தாய்ச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். மத்திய சுற்றாடல் அதிகார சபை அதன் பிள்ளை. ஆரம்பத்தில் ஆலோசனை சொல்வதுதான் சபையின் வேலையாக இருந்தது, கட்டுப்படுத்தும் பல் 1988 திருத்தத்தில் முளைத்தது. 1990 முதல், பட்டியலில் உள்ள தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். உரிமத்தில் நிபந்தனைகள் இருக்கும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புகைபோக்கிகளுக்கான உமிழ்வு நியமங்கள் 2019இல்தான் தனி ஒழுங்குவிதிகளாக வந்தன.

வாகனங்களின் கதை இன்னும் சுவாரசியம். வாகனப் புகைக்கு நியமம் வகுக்காமல் அரசு இருப்பது அடிப்படை உரிமை மீறல் என்று 1998இல் லலநாத் டி சில்வா என்ற சட்டத்தரணி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். (இந்திய வாசகர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் உச்சம்.) அதன் பலனாக 2000 ஜூனில் ஒழுங்குவிதிகள் வந்தன. வர்த்தமானியில் இருந்த எண்கள் வாகனத்தின் குழாய்க்குள் போக மேலும் 8 வருடம் பிடித்தது. வருடாந்தப் பரிசோதனை தொடங்கியது 2008இல்.

தெமட்டகொடைச் சாரதி பிறகு காபரேட்டரை டியூன் பண்ணிக்கொண்டு வந்து பாஸ் ஆகிவிட்டார். 'முதலும் புகை வரல்ல, இப்பவும் வரல்ல' என்று சொல்லிக்கொண்டேதான் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

குழாய்க்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் இந்தியப் பக்கமிருந்து துகள்கள் வந்து சேரும். 2022 டிசம்பரில் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலி முகத்திடலில் நின்றால் துறைமுகப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. இதற்குப் பெயர் 'எல்லை கடந்த வளி மாசடைதல்'. 1998இல் தெற்காசிய நாடுகள் மாலேயில் இதைப் பற்றி ஒரு பிரகடனம் செய்தன. பிரகடனம் என்றால் பிரகடனம்தான். அதில் உமிழ்வு நியமமும் இல்லை, தண்டமும் இல்லை.