வேவுப் பொறி

ஆள் நுழைந்தால் உயிருக்கு ஆபத்து என்ற கட்டடத்துக்குள்ளோ சுரங்கத்துக்குள்ளோ படைவீரருக்கு முன்னால் அனுப்பப்படும் சிறு தரை ரோபோவே வேவுப் பொறி. பார்த்துச் சொல்வதுதான் இதன் வேலை, சுடுவதல்ல.

'ரோபோ'வின் வேர் 'ரொபோட்டா' என்ற செக் மொழிச் சொல். பண்ணையாருக்குக் குடியானவர்கள் செய்துதீர வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஆர்.யூ.ஆர். நாடகத்தால் அது உலகெங்கும் பரவியது. அவருக்கு அந்தப் பெயரைச் சொன்னவர் அண்ணன் யோசெஃப். அந்நாடகத்து ரோபோக்களுக்கு மனித உருவம் உண்டு. ஆகவே 'இயந்திர மனிதன்' என்ற தமிழ்ப் பெயர் அங்கே பொருந்தும்; இரண்டு சக்கரமும் ஒரு வாலுமாக உருளும் அரைக்கிலோ கருவிக்குப் பொருந்தாது. 'தானியங்கி' அதைவிடத் தவறு. இவற்றில் பெரும்பாலானவற்றை வெளியே ஒருவர் திரையைப் பார்த்தபடி ஓட்டுகிறார்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியம் பகைவரின் ஆநிரையைக் கவரும் போரான வெட்சியின் துறைகளில் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது: பகைவர் அறியாதபடி ஒற்றர் அறிந்துவரும் செய்தி. அந்த 'வேய்'க்கு உறவான சொல்தான் வேவு. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் எந்திர வில் 'வளைவிற் பொறி' எனப்படுகிறது. இரண்டையும் சேர்த்தால் செய்யும் வேலையும் செய்யும் பொருளும் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன.

எறிந்து அனுப்பும் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு த்ரோபாட். எடை சுமார் 540 கிராம். ஊசியை இழுத்தால் உயிர்பெறும். திரையில் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே எறிய வேண்டும். விழும் அதிர்ச்சியை மென்மையான சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். வால் அலங்காரம் அல்ல. அது தரையில் ஊன்றாவிட்டால் மோட்டார் சுழலும்போது சக்கரத்துக்குப் பதிலாக உடலே எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே விழுந்ததும் உடனே ஓட்டாமல் சற்று நிறுத்தி ஒலிவாங்கியில் கேட்பது நல்லது, ஏனென்றால் மோட்டார் இரைச்சல் பேச்சையும் காலடியையும் மறைத்துவிடும்.

கேமரா தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு செங்கல்லோ புல்திட்டோ போதும், முன்னால் எதுவும் தெரியாது. துணி, கம்பி, கம்பள நூல் அச்சில் சுற்றினால் சக்கரம் நின்றுவிடும். படிக்கட்டு ஏற இந்த வகையால் முடியாது. அதற்குப் பட்டைச் சக்கரமும் முன்னால் சுழலும் கைகளும் கொண்ட பேக்பாட் போன்ற பெரிய பொறி வேண்டும்.

அடிக்கடி கைவிடுவது ரேடியோ அலைதான். த்ரோபாட் எக்ஸ்டி என்ற மாதிரி திறந்த வெளியில் ஏறத்தாழ 90 மீட்டர் வரை கட்டுப்படும். சுவர்களுக்குள் அது 30 மீட்டராகச் சுருங்கும். கான்கிரீட்டும் அதன் இரும்புக் கம்பிகளும் அலையைத் தின்றுவிடுகின்றன. சுரங்க வளைவில் ஒரு பொறியை அலையை வாங்கிக் கடத்தும் இடைநிலை அஞ்சலாக நிறுத்தி அடுத்ததை முன்னே அனுப்புவது ஒரு வழி. ஒளியிழை வடம் கட்டி இழுப்பது இன்னொன்று, ஆனால் வடம் முனைகளில் சிக்கும். திரும்பும்போது தன் வடத்தின் மீதே ஏறி அறுத்துக்கொள்ளவும் கூடும்.