கண் சிமிட்டும் பிள்ளையை அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு பத்து வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். இடது உள்ளங்கையில் ஸ்கேல் பட்ட தடிப்பு இன்னும் அடங்கவில்லை. வகுப்பில் ஓயாமல் தொண்டையைச் செருமுகிறான் என்று டைரியில் எழுதி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். நிற்கவில்லை என்றதும் அடி. அதற்கு முன்பு பல மாதம் இருமல் சிரப், அலர்ஜி மாத்திரை, ஆவி பிடித்தல் எல்லாம் நடந்திருக்கிறது. தொண்டையில் ஒன்றுமில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்ன பிறகு, "அப்போ கொழுப்புதான்" என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். குழந்தைகள் மனநல மருத்துவராக இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கு இருப்பது டிக், அதாவது அவன் விரும்பாமலே திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம். கண்ணை இறுக்கிச் சிமிட்டுவது, மூக்கை உறிஞ்சுவது, கழுத்தை வெடுக்கென்று திருப்புவது, தோளைக் குலுக்குவது, செருமுவது, 'ம்' என்று சத்தம் விடுவது எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்ம வயது முடிவதற்குள் பலருக்குக் குறைந்துவிடும். நடுவில் கூடும், குறையும், ஓரிடம் விட்டு இன்னோரிடம் தாவும். பல அசைவுகளோடு ஒரு சத்தமாவது சேர்ந்து, தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும் தொடர்ந்தால் அதை டூரெட் என்கிறோம். 1885-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட்டின் பெயர் அது. கெட்ட வார்த்தை கத்தினால்தான் டூரெட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கத்துவது பத்தில் ஒருவருக்குத்தான், மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல்.

இனி, என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் வாக்கியத்துக்கு வருகிறேன். "வேணும்னே பண்றான் டாக்டர்." அதற்கு ஆதாரமும் கையோடு கொண்டு வருவார்கள்: "பாருங்க, உங்க முன்னாடி இவ்வளவு நேரமா ஒண்ணுமே பண்ணல. அப்போ நினைச்சா நிறுத்த முடியுதுதானே?" முடியும். கொஞ்ச நேரம் முடியும். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் எவ்வளவு நேரம் உங்களால் இருக்க முடியுமோ, அவ்வளவு நேரம். டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் அவஸ்தை சேரும். செய்து முடித்ததும் ஒரு நொடி தணியும், அப்புறம் மறுபடி சேரும். வளர்ந்த பிள்ளைகள் இதைத் தெளிவாகச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் அடி வாங்குவார்கள். என் அறையில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது நாற்காலியின் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான் என்பதை அப்பா கவனிக்கவில்லை. நான் கேட்ட கேள்வியில் பாதி அவன் காதில் விழவில்லை. வகுப்பிலும் இதேதான். அடக்குவதிலேயே கவனம் போனால் பாடம் எங்கே மண்டையில் ஏறும்?

அடுத்த ஆதாரம், "கிரிக்கெட் ஆடும்போது வரமாட்டேங்குது, படிக்கச் சொன்னா மட்டும் வருது." உண்மைதான். மனம் ஒன்றிச் செய்யும் வேலையில் டிக் குறையும். பதற்றம், களைப்பு, பரபரப்பு, யாராவது உற்றுப் பார்ப்பது, இவற்றில் கூடும். டிக்கைப் பற்றிப் பேசினாலே கூடும். அது டிக்கின் இயல்பு, நடிப்பு அல்ல. நீங்கள் "நிறுத்து" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் கவனத்தை அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். அடிப்பது அதைவிட மோசம். தயவுசெய்து வேண்டாம்.

செய்யக்கூடியது இருக்கிறது. அவஸ்தை தொடங்குவதை உணர்ந்து, அந்த டிக் வர இடம் கொடுக்காத வேறோர் அசைவைச் சற்று நேரம் செய்யப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம். செருமலுக்கு, வாயை மூடி மூக்கால் சீராக மூச்சு விடுவது. 9 முதல் 17 வயது வரையான 126 பேரை வைத்து 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பத்து வாரங்களில் எட்டு அமர்வுகளாக இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. எல்லா டிக்குக்கும் சிகிச்சை வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைக்கு வலியோ கேலியோ இடைஞ்சலோ இல்லையென்றால், வீட்டில் விஷயத்தைப் புரியவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மருந்து தேவைப்படுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

டிக் உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு எண்ண சுழற்சி நோயும் வருகிறது, நாம் ஓசிடி என்கிறோமே அது. வேண்டாத எண்ணமோ பயமோ திரும்பத் திரும்ப வரும்; அதைத் தணிக்கக் கழுவுவது, கேட்பது, அழித்து எழுதுவது என ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். இங்கே பெற்றோர் நேரெதிராக நடந்துகொள்கிறார்கள். டிக்கைத் திட்டியவர்களே ஓசிடி சொல்வதையெல்லாம் செய்து கொடுக்கிறார்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண், "அம்மா, நான் மனசுக்குள்ள சாமியைத் திட்டலதானே?" என்று கேட்பாள். அம்மா "திட்டலடா கண்ணு" என்று சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் மாறினால் முதலிலிருந்து. தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, ஒரே தொனியில், அந்த அம்மா மாலை முழுவதும் இதே பதிலைச் சொல்கிறார். பரிகாரம், தாயத்து, மந்திரித்தல் எல்லாம் ஆகிவிட்டது. "சாமி குத்தம்" என்று பாட்டி சொன்னது அந்தப் பெண்ணின் பயத்தை உறுதிசெய்துவிட்டது. வேண்டாத எண்ணம் எல்லார் மனதிலும் வந்து போகும். இவளுக்கு அது போக மறுக்கிறது. அவள் கெட்ட பெண் இல்லை. இதை அவள் முன்னால் உரக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை சொன்னால் போதும்.

ஏனென்றால் ஒவ்வொரு பதிலும் சில நிமிட நிம்மதியைக் கொடுத்து, அடுத்த கேள்வியைக் கொண்டுவருகிறது. சிகிச்சை என்பது பயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக எதிர்கொண்டு, கழுவாமல், கேட்காமல், திரும்ப எழுதாமல் இருக்கப் பழகுவது. 7 முதல் 17 வயதான 112 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி உள்ளிட்ட உளவியல் சிகிச்சையும் செர்ட்ராலின் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் அடங்கின. உளவியல் சிகிச்சை மட்டும் என்றால் 39, மருந்து மட்டும் 21, வெற்று மாத்திரை 4. அதே ஆய்வைத் திரும்ப அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது: டிக்கும் சேர்ந்து இருந்த பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்தது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, உளவியல் சிகிச்சையோ பலன் தந்தது. ஓசிடி என்று வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் டிக் இருந்ததா என்று கேட்க வேண்டும் என நான் இளம் மருத்துவர்களை நச்சரிப்பது இதனால்தான்.

இணையத்தில் படித்துவிட்டு ஏஎஸ்ஓ ரிப்போர்ட்டோடு, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி முன்பு தொற்றியதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோடு, வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு திடீரென ஓசிடியோ டிக்கோ வரும் பிள்ளைகளை அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர் 1998-இல் விவரித்தது உண்மை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பலருக்கு ஏஎஸ்ஓ கூடுதலாகத்தான் இருக்கும். அந்த ஓர் எண்ணை வைத்து மாதாமாதம் பென்சிலின் ஊசி போடாதீர்கள். அதேசமயம், அசைவு ஒரே மாதிரி இல்லாமல் உடம்பெங்கும் நெளிந்து, கையெழுத்து கெட்டு, கையிலிருந்து டம்ளர் நழுவினால் அது டிக்காக இல்லாமல் இருக்கலாம். ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவாக வரும் 'கொரியா' என்ற அசைவுக் கோளாறிலும் இப்படி இருக்கும். அந்தக் காய்ச்சல் இதய வால்வையும் பாதிக்கக்கூடியது, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, செருமும் பிள்ளையை வெளியே நிற்க வைக்காதீர்கள். தாங்க முடியாதபோது தண்ணீர் குடிக்கப் போய்வர அவனை அனுமதியுங்கள். வகுப்பில் யாரும் அவனைப் போல் செய்து காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குத் தனி அறை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும் நோட்டைப் பார்த்தால் "சுத்தமான பிள்ளை" என்று பாராட்டாமல் பெற்றோரைக் கூப்பிடுங்கள். பெற்றோரே, பதில் சொல்வதை ஒரே நாளில் வெட்டாதீர்கள். பிள்ளையிடம் சொல்லிவிட்டு, சிகிச்சையாளர் துணையோடு, படிப்படியாகக் குறையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடங்கிய புதிதில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் பரபரத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே கேட்கலாம்.

மருத்துவரிடம் வரும்போது போனில் எடுத்த சின்ன வீடியோ ஒன்று கொண்டு வாருங்கள், என் அறையில் டிக் வராவிட்டாலும் பார்த்துக்கொள்வேன். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். எடுத்ததைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.