பறித்தது எப்படித் தொலைந்ததாக மாறியது?

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கும் அம்மா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஆதார் ஜெராக்ஸோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு வாரமாச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க." சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெங்களூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பூ மூட்டையோடு நடந்து வந்திருக்கிறார். பைக்கில் வந்த இரண்டு பேர் கையிலிருந்த போனைப் பறித்திருக்கிறார்கள். இவர் விடாமல் பிடித்ததில் கீழே விழுந்து முழங்கை தேய்ந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் பணம் அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான், அதனால் போன் போனதும் பாதி வியாபாரம் படுத்துவிட்டது. அன்று காலையே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்ல, அங்கே எழுதிக்கொண்டார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

காகிதத்தில் இருந்த கன்னடச் சொல் "களெதுகொண்டித்தேனெ". தொலைத்துவிட்டேன் என்று அர்த்தம். பைக் இல்லை, இரண்டு பேர் இல்லை, முழங்கை இல்லை. "நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன். "கித்துகொண்டு ஹோதரு"ன்னுதான் சார் சொன்னேன் என்றார். பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று. அந்த ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு குற்றமே காணாமல் போய்விட்டது.

நான் கர்நாடகக் காவல்துறையில் 31 வருஷம் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். கடைசி ஏழு வருஷம் பயிற்சிப் பிரிவில் இருந்தேன், இப்போதும் கூப்பிட்டால் போய் வகுப்பு எடுக்கிறேன். இந்த மாதிரிக் காகிதத்தை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இந்த முறை மனசு ஆறவில்லை. எழுதியவர் யார் என்று விசாரித்தால், என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன். போன் போட்டேன். மறைக்கவில்லை. "சட்டம் தெரியும் சார். மாசக் கடைசி சார். கிரைம் மீட்டிங் வருது. இதை எஃப்.ஐ.ஆர். போட்டா யு.ஐ. கேஸ் ஒண்ணு ஏறும், ஆளும் கிடைக்கமாட்டான். இன்ஸ்பெக்டர் சார் மீட்டிங்ல நிக்கணும்." யு.ஐ. என்றால் விசாரணை முடியாமல் நிற்கும் வழக்கு. கிரைம் மீட்டிங் என்றால் மேலதிகாரிகள் ஸ்டேஷன்களின் வழக்குகளைக் கணக்குப் பார்க்கும் கூட்டம்.

அந்தப் பையனுக்குச் சட்டம் தெரியும் என்பதை நானே சாட்சி சொல்வேன். சங்கிலிப் பறிப்பு, போன் பறிப்பு எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் தனிக் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஜாமீனில் வர முடியாதது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியாயிற்று. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்விசாரணைக்கு 14 நாள் இடம் இருக்கிறதே என்று சில இளம் அதிகாரிகள் கேட்பார்கள். இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, அதுவும் டிஎஸ்பி நிலை அதிகாரியின் முன் அனுமதியோடு. முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கொடுத்த வசதி அது. பறித்ததைத் தொலைந்தது என்று எழுதக் கொடுத்த உரிமை இல்லை.

ஆக, இது படிப்பில் இருந்த குறை இல்லை. இன்னொரு முறை அந்தப் பையனை உட்காரவைத்து, புகாரைப் பதிவு செய்வது பற்றி அந்த நடைமுறைச் சட்டத்தில் இருக்கும் 173-ஆம் பிரிவை ஒப்பிக்கச் சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வான். கோளாறு அவனுக்கு மேலே இருக்கிறது.

என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் மூடநம்பிக்கை ஒன்று உண்டு. கேஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஸ்டேஷன் நன்றாக இருக்கிறது, கூடினால் கெட்டுப்போய்விட்டது என்பது. அதிகாரிகளுக்கும் இது இருக்கிறது, பத்திரிகைகளுக்கும் இருக்கிறது, டீக்கடையில் பேசும் நமக்கும் இருக்கிறது. வகுப்பில் நான் வழக்கமாக ஒரு கணக்குப் போடுவேன். ஏ ஸ்டேஷனில் இந்த மாதம் பத்துப் பறிப்பு வழக்கு. பி ஸ்டேஷனில் இரண்டு. எது நல்ல ஸ்டேஷன்? கை தூக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் பி என்பார்கள். அப்புறம் அடுத்த வரியைப் போர்டில் எழுதுவேன். ஏ ஸ்டேஷன் எல்லையிலிருந்து பறிப்பு என்று 112-க்கு வந்த அழைப்பு 11. பி ஸ்டேஷன் எல்லையிலிருந்து 14. வகுப்பு அமைதியாகிவிடும். பி ஸ்டேஷனில் பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள்? சிலர் புகார் கொடுக்க வராமலே இருந்திருக்கலாம். மற்றவர்களெல்லாம் "தொலைத்தவர்கள்".

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்றப் புள்ளிவிவரத் தொகுப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. குற்றம் கூடுவதும் குற்றப்பதிவு கூடுவதும் வேறு வேறு, எண்ணிக்கை ஏறியதை வைத்துப் போலீஸ் செயல்படவில்லை என்று முடிவுகட்டுவது தவறு என்கிறார்கள். எண்களைத் தொகுப்பவர்களே இப்படிச் சொல்லும்போது, அந்த எண்களை வைத்து ஓர் இன்ஸ்பெக்டரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டால் அவர் என்ன செய்வார்? தன் ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்பார். ரைட்டர் என்ன செய்வார்? பேனாவை மாற்றிப் பிடிப்பார். வழக்கை இப்படி அமுக்குவதற்குத் துறையில் "பர்க்கிங்" என்று பெயரே உண்டு. ஒரு செயலுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது என்றால் வெட்கப்பட வேண்டாமா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு ரோந்து எங்கே போக வேண்டும், ஹொய்சளா என்ற ரோந்து வண்டி விடிகாலையில் எந்த முனையில் நிற்க வேண்டும், பீட் கான்ஸ்டபிள் எந்தச் சந்தில் இறங்கி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் பதிவான குற்றங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பூக்காரம்மா விழுந்த தெருவில் காகிதப்படி எதுவுமே நடக்கவில்லை. அதனால் அங்கே யாரும் போகவில்லை. அவர் என்னிடம் காகிதத்தைக் காட்டிய அதே வாரம், அதே தெருவில், அதே விடிகாலை நேரத்தில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு பெண்ணின் சங்கிலியை அறுத்திருக்கிறார்கள். அவர் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ஒரே ஆட்களா என்று எனக்குத் தெரியாது. முதல் புகாரை ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த நேரத்தில் அந்த முனையில் ஒரு வண்டி நின்றிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

பயிற்சி என்றவுடன் நம் ஜனங்களுக்குப் பரேடு மைதானமும் லத்தியும்தான் ஞாபகம் வருகிறது. தலைமைப் பண்பு என்றால் ஐபிஎஸ் அதிகாரிகள் ஹைதராபாத் அகாடமிக்குப் போய்ப் படிக்கும் விஷயம். உண்மைதான், அவர்களுக்குப் பணிக்காலத்தின் நடுவிலும் மூன்று கட்டமாகப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் போகும் நீங்கள் முதலில் யாரைப் பார்க்கிறீர்கள்? முன்மேசையில் இருக்கும் ஹெட் கான்ஸ்டபிளை. அவருக்கு வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சிக்கு அப்புறம் என்ன கிடைத்தது? காமன் காஸ், லோக்நீதி இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து வருஷச் சராசரியாகக் காவலர்களில் 6.4 சதவீதம் பேருக்குத்தான் பணியிடைப் பயிற்சி கிடைத்தது என்றும், அதிலும் மேல்நிலை அதிகாரிகளுக்கே வாய்ப்பு அதிகம் என்றும் இருக்கிறது. சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை என்பதும் அதே அறிக்கையில்தான். கான்ஸ்டபிள் முதல் ஐபிஎஸ் வரை எல்லாருடைய பயிற்சியையும் அலசிய கோரே குழு 1973-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது.

இதையும் மீறி நல்ல பயிற்சி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு சீனியர் தோளில் கைபோட்டு, "அங்கே படிச்சதை எல்லாம் மறந்துடு, இங்கே வேற" என்பார். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டும் கேட்காத மாதிரி போனால் மாதக்கணக்கில் நாங்கள் பாடுபட்டுக் கொடுத்த பயிற்சி அன்றோடு முடிந்தது. ஒரு பயிற்சியாளராக நான் உறுதியாகச் சொல்கிறேன், உண்மையான பயிற்சிப் பள்ளி ஸ்டேஷன்தான், உண்மையான ஆசிரியர் அங்கே இருக்கும் இன்ஸ்பெக்டர்தான். அவரையும் எட்டு மாதத்தில் தூக்கி வேறு இடத்தில் போட்டால் அவர் யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பார்? ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு வருஷம் ஒரே இடத்தில் வேலை என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்காகவும்தான்.

வகுப்பில் இரண்டு பயிற்சிகளை நான் விடுவதே இல்லை. முதலாவது, நாற்காலி. ஒரு சப்-இன்ஸ்பெக்டரைச் சாதாரண உடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்போம். போன் பார்க்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது. மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள், வருவார்கள், பேசமாட்டார்கள். இருபது நிமிஷம். ஒரு முறை மிடுக்கான இளைஞர் ஒருவர் பதினோராவது நிமிஷம் எழுந்து நின்று, "சார், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். புகார் கொடுக்க வந்தவர் இடத்தில் உட்கார்ந்தவர் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு அதற்கு மேல் நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டாவது, படித்துக் காட்டுவது. ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். ஒருவர் தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ துளுவிலோ ஒரு சம்பவத்தைச் சொல்வார். மற்றவர் அதைக் கன்னடத்தில் எழுதி, சொன்னவருக்குப் புரிகிற மாதிரி திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் தான் சொல்லாததை எல்லாம் அடிக்க வேண்டும், விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். நேர்மையாக எழுதியவர்கள் தாளிலும் ஏழெட்டு அடித்தல் விழும். பெங்களூர் மாதிரி ஊரில் இந்தப் பழக்கம் இல்லாமல் வேலையே செய்ய முடியாது.

மேலதிகாரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிரைம் மீட்டிங்கில் "ஏன் கூடியது?" என்று கேட்பதற்கு முன், "112-க்கு வந்த அழைப்பில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயிற்று? தொலைந்த பொருளைப் பதியும் இ-லாஸ்ட்டில் போன எத்தனை போனுக்குப் பின்னால் ஒரு பறிப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். உள்ளபடி பதிவு செய்த இன்ஸ்பெக்டரை எல்லார் முன்னாலும் ஒரு முறை பாராட்டிப் பாருங்கள், அடுத்த மாதமே பேனாக்கள் நேராகிவிடும். இன்ஸ்பெக்டர்களே, தம்பிகளே, காலை ரோல் காலில் உங்களிடம் திட்டு வாங்கிய கான்ஸ்டபிள் பத்து மணிக்கு வரும் பூக்காரம்மாவிடம் "உட்காருங்கம்மா" என்று எப்படிச் சொல்வார்? ரோல் காலில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முந்தின நாள் வந்த ஒரு புகாரை எடுத்துப் படியுங்கள். யார் எழுதினார் என்று கேட்க வேண்டாம், எப்படி எழுதியிருக்கலாம் என்று மட்டும் பேசுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

இதைப் படிக்கும் பொதுஜனங்களுக்கும் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் கண்டிப்பாகவே. படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாயால் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம், யாரும் செய்கிற தயவு இல்லை. கன்னடம் படிக்கத் தெரியாது என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை போதும். பறித்தார்கள் என்றால் பறித்தார்கள் என்றே சொல்லுங்கள். "போன் போயிடுச்சு சார்" என்று ஆரம்பித்தால் பாதி வேலையை நீங்களே செய்து கொடுத்துவிடுகிறீர்கள். சம்பவம் நடந்த இடத்திலிருந்தே, யாருடைய போனிலிருந்தாவது, 112-க்குக் கூப்பிடுங்கள், நேரத்தோடு பதிவாகும். பணம் போகும் ஆபத்து இருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயே விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம், கேட்டு வாங்குங்கள். "நம்ம லிமிட் இல்ல" என்றால், எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை எடுக்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். பதிவு செய்ய மறுத்தால் நகரத்தில் டிசிபிக்கு, மாவட்டத்தில் எஸ்பிக்கு எழுதித் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.

பூக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பழைய காகிதத்தை இரண்டு முறை படித்தார். அந்த அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு, "முதல்ல இருந்து எழுது" என்றார். எழுதி முடித்ததும் அவன் கன்னடத்தில் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். அம்மா கையை நீட்டி நிறுத்தினார். "கறுப்பு வண்டி இல்ல தம்பி, செவப்பு." அவன் அடித்துவிட்டுச் சிவப்பு என்று எழுதினான்.