நாயோடு வெளிநாடு போகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் சிப் போடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது: "டாக்டர், அடுத்த மாசம் டிக்கெட் போட்டாச்சு. நாயையும் கொண்டு போறோம், ஒரு சர்டிபிகேட் எழுதித் தாங்க." சர்டிபிகேட் எழுதப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலைகளுக்குத்தான், போகும் நாட்டைப் பொறுத்து, நான்கைந்து மாதம்கூட ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது. வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று தெரிந்ததுமே, விசாவுக்குக் காத்திராமல், நாய்க்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடைசியில் பயணம் நின்றுபோனாலும் நஷ்டமில்லை. சிப்பும் ரேபிஸ் தடுப்பூசியும் இங்கே இருக்கும் நாய்க்கும் தேவைதான்.

வரிசை தவறினால் முதலிலிருந்து

முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் அடையாள எண்ணைத் தாங்கிய சின்னச் சில்லு. அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப் முந்தியிருக்க வேண்டும். சிப் எண் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசியை, அது இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று பல நாடுகள் ஏற்பதில்லை. ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டு வந்த நாயாக இருந்தாலும், சிப் போட்ட பிறகு ஒரு ஊசி போட்டு அதிலிருந்தே நாள் எண்ண வேண்டியிருக்கும்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் போடுவார்கள். போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை ஸ்கேனரில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணின் ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி, போட்ட தேதியை எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிப் பதிவில்தான் நம் பக்கத்தில் நிறையப் பேருக்குச் சிக்கல் வருகிறது. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி நடக்கும் இலவச முகாம்களில் போட்ட ஊசி நல்ல ஊசிதான். ஆனால் அங்கே தரும் சீட்டில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டு அதிகாரிக்கு அந்த மூன்றும் வேண்டும். குப்பியிலிருக்கும் லேபிளைப் பிரித்துப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஊசியின் தேதி ஒரே ஒரு நாள் தவறினாலும், ஐரோப்பியக் கணக்கில் அது தொடர் ஊசி ஆகாது. முதல் ஊசியாகவே எடுத்துக்கொண்டு மறுபடியும் நாள் எண்ணுவார்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டால் மட்டும் போதாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். அளவு ஒரு மில்லிக்கு 0.5 ஐயூ (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 5 அன்று சிப்பும் ஊசியும் போட்டால், பிப்ரவரி 5 அன்று ரத்தம் எடுத்தால், மே 5 வரை அந்த நாய் அங்கே நுழைய முடியாது. ரிப்போர்ட் சீக்கிரம் வந்துவிட்டது என்பதற்காக இந்தத் தேதி முன்னால் நகராது.

ஒரே ஒரு ஊசி மட்டும் போட்ட இளம் நாய்கள் 0.5 அளவைத் தொடாமல் போவதுண்டு. அதனால் முதன்முறை ஊசி போடும் நாய்க்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டு, அதற்கு 30 நாள் கழித்து ரத்தம் எடுப்பதையே பரிந்துரைக்கிறோம். ஒரு மாதம் கூடுதலாகும், உண்மைதான். ஆனால் பரிசோதனையில் தோற்றால் அதைவிட அதிக மாதங்கள் போகும். ரத்தத்தைச் சுழற்றி சீரம் எனும் தெளிந்த நீர்ப்பகுதியை மட்டும் பிரித்து, குழாயில் சிப் எண்ணை எழுதி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். சீரம் சிவந்திருந்தால், அதாவது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், ஆய்வகம் திருப்பிவிடக்கூடும். நாகர்கோவில் வெயிலில் பையில் வைத்து அங்குமிங்கும் சுற்றிய மாதிரிகளுக்கு இப்படித்தான் ஆகிறது. பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட் செல்லாது. போகும் நாடு அங்கீகரித்த ஆய்வகப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாதிரியை அனுப்புங்கள்.

நாட்டுக்கு நாடு வேறு கணக்கு

குமரி மாவட்டத்திலிருந்து அதிகம் பேர் போவது வளைகுடாவுக்கு. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு எதிர்ப்புச் சக்தி ரிப்போர்ட்டும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் இனம். ராட்வீலர், டாபர்மேன், பாக்சர், பிட்புல், மாஸ்டிஃப் வகைகள் அங்கே இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்டவை. ரப்பர் தோட்டத்து வீடுகளில் காவலுக்கென்று ராட்வீலர் வளர்ப்பவர்கள் இங்கே நிறைய. அவர்கள் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலப்பினமாக இருந்தாலும் தோற்றத்தைப் பார்த்து மறுக்கக்கூடும். சர்டிபிகேட்டில் இனத்தின் பெயரை மாற்றி எழுதச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். சிக்கினால் நாய்தான் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பிரிட்டனுக்கு விமானத்தில் நாய் சரக்காகப் பதிவு செய்யப்பட்டுத்தான் போக முடியும், உங்கள் மடியிலோ பெட்டியோடு பெட்டியாகவோ அல்ல. அங்கே இறங்குவதற்கு முன், 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். பிராசிகுவாண்டெல் இருக்கும் மருந்து, கொடுத்த தேதியும் மணியும் மருத்துவர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். விமானம் தாமதமானால் இந்த நேரக் கணக்கு கெடும் என்பதால், 24 மணி நேர எல்லையையோ 120 மணி நேர எல்லையையோ ஒட்டிக் கொடுக்காமல் நடுவில் கொடுப்பதே பாதுகாப்பு.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டில் தங்கவைத்து, அங்கிருந்து கொண்டுபோய், மெல்போர்ன் அருகே மிக்கல்ஹாமில் தனிமைப்படுத்த வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் விதி மாறிவிட்டது. நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இந்தியா அவர்களின் ரேபிஸ் அபாயப் பட்டியலில் இருப்பதால் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். அங்குள்ள பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் தேவை. செல்லுபடியாகும் ரத்த ரிப்போர்ட் இல்லையென்றால் 28 நாள் தனிமை. கனடா இவற்றையெல்லாம்விட எளிது. வீட்டில் வளர்த்த நாய்க்குச் சரியான ரேபிஸ் சான்று இருந்தால் பெரும்பாலும் போதும்.

இன்னொரு வழக்கம் இங்கே உண்டு. வீட்டுக்காரர் முதலில் போவார், குடும்பம் ஆறு மாதம் கழித்துப் போகும், நாயைக் கடைசியில் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் உரிமையாளர் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அது வணிக இறக்குமதி, விதிகளும் செலவும் வேறு. யார் எப்போது போவது என்று வீட்டில் பேசும்போதே நாயையும் சேர்த்துப் பேசுங்கள்.

கூண்டு

பறப்பது பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நாய்கள் ஏற்றப்படும் அடிப்பகுதியில் பயணிகள் பகுதியில் இருக்கும் அதே காற்றழுத்தம் இருக்கும், வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்படும். ஆபத்து அதிகம் தரையில்தான்: ஓடுதளத்தில் வண்டியில் காத்திருக்கும் நேரம், இடையில் மாற்றும் ஊரின் வெயில், சரியில்லாத கூண்டு.

கூண்டுக்கு நான்கு அளவு எடுக்க வேண்டும். நாயை நிற்கவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முன்னங்காலின் மேல் முட்டி (முழங்கை மூட்டு) வரை, தோள் அகலம், தரையிலிருந்து தலை உச்சி அல்லது நிமிர்ந்த காது நுனி வரை உயரம். கூண்டின் நீளம் என்பது உடல் நீளத்தோடு முட்டி உயரத்தில் பாதி. அகலம், தோள் அகலத்தைப்போல் இரு மடங்கு. உயரம், காது நுனிவரை உள்ள உயரத்தோடு விரிப்பின் தடிமன். உடல் நீளம் 76 செமீ, முட்டி 36, தோள் 28, உயரம் 66 உள்ள ஒரு லாப்ரடாருக்கு 94 செமீ நீளம், 56 அகலம், 66 செமீக்கு மேல் உயரம் வேண்டும். கடையில் கிடைக்கும் 102 × 69 × 76 செமீ கூண்டு அதற்குப் பொருந்தும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெடிய நாய்களுக்கு எடை குறைவு என்று சிறிய கூண்டு வாங்கிவிடுகிறார்கள். உயரம்தான் அங்கே இடிக்கும். சப்பை மூக்கு இனங்களுக்கு இந்த அளவுகளைவிட 10 சதவீதம் பெரிதாக வேண்டும்.

கட்டணம் நாயின் எடைக்கு அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செமீயில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது கன எடை. இதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குத்தான் பில். மேலே சொன்ன கூண்டுக்கு 89 கிலோ வருகிறது. நாய் 30 கிலோதான் என்று மனதில் தொகை போட்டு வருபவர்கள் சரக்குக் கவுன்டரில் திகைத்து நிற்பது இதனால்தான்.

உறுதியான பிளாஸ்டிக் உடல், உலோகக் கதவு, இரும்பு நட்டு போல்ட், நான்கு பக்கமும் காற்றுத் துளை, சக்கரம் இருந்தால் கழற்றியிருக்க வேண்டும். கம்பிக் கூண்டு ஏற்கமாட்டார்கள். மரக்கூண்டு செய்தால் வெப்பச் சிகிச்சை முத்திரை உள்ள மரம் வேண்டும், நம் ஆசாரி வீட்டு மரத்தில் செய்து தருவது செல்லாது. தண்ணீர்க் கிண்ணம் கதவில் பொருத்தி, திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி இருக்க வேண்டும். முந்தின இரவே அதில் தண்ணீரை உறையவைத்தால் ஏற்றும்போது சிந்தாது, மெதுவாக உருகிக் குடிக்கக் கிடைக்கும். உள்ளே உறிஞ்சும் விரிப்பு மட்டும், வைக்கோல் கூடாது. சங்கிலி, வாய்மூடி, கழுத்தில் தொங்கும் மணி எதுவும் உள்ளே வேண்டாம்.

கூண்டை ஆறு வாரம் முன்பே வாங்கி வீட்டுக் கூடத்தில் திறந்து வையுங்கள். சோறு அதற்குள், தூக்கம் அதற்குள் என்று பழக்கி, பிறகு கதவைச் சிறிது சிறிதாக மூடுங்கள். தென்னந்தோப்பிலும் முற்றத்திலும் அவிழ்த்துவிட்டே வளர்ந்த நாய் மண்ணைத் தவிர வேறெங்கும் சிறுநீர் கழிக்காது, பல மணி நேரம் அடக்கிக்கொண்டு தவிக்கும். விரிப்பில் கழிக்கவும் இப்போதே பழக்க வேண்டும்.

தூக்க மாத்திரை கேட்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும். மயங்கிய நாயை விமான நிறுவனங்களும் ஏற்றுவதில்லை. புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன் லேசான உணவு, தண்ணீர் கடைசிவரை, ஏற்றும் முன் ஒரு நல்ல நடை. அது போதும்.

உடம்பு தாங்குமா?

பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, அந்த மூச்சிரைப்பே இவற்றுக்குச் சரியாக வராது. பல விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்பதில்லை. ஏற்றாலும் வளைகுடா வழியாகக் கோடையில் அனுப்ப வேண்டாம் என்றே சொல்கிறோம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு. உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலும் நாய் வெளியில் சாதாரணமாகத் தின்று ஓடிக்கொண்டிருக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், உண்ணி பரப்பும் கிருமிகளான எர்லிக்கியா, பபேசியாவுக்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள். அப்போது தெரிந்தால் மருந்து கொடுத்துத் தேற்ற நேரம் இருக்கும். சான்றளிக்கும் அன்று காது மடிப்பில் ஒரு உண்ணி கண்ணில் பட்டாலும் வேலை நின்றுவிடக்கூடும்.

இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள முதிய நாயை அம்மா வீட்டிலோ நம்பிக்கையான சொந்தக்காரரிடமோ விட்டுச் செல்வது கைவிடுவது ஆகாது. பழகிய முற்றத்தில் அது நிம்மதியாக இருக்கும். அதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள்.

எங்கிருந்து ஏறுவது?

நமக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். ஆனால் நாய் கூட வரும்போது, விமான நிறுவனம் அந்த நிலையத்திலிருந்து நாயை ஏற்றுமா, ஏற்றுமதிச் சான்று எங்கே கிடைக்கும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் தமிழ்நாட்டில் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயையும், தடுப்பூசிப் புத்தகம், உடல்நலச் சான்று, ரத்த ரிப்போர்ட், பாஸ்போர்ட், டிக்கெட் நகல்களையும் கொண்டுபோக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். காரில் என்றால் இரவில் புறப்பட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். விமானத்துக்கு இரண்டு நாளாவது முன்பே சென்னை சேர்ந்துவிடுவது நல்லது, ஒரு கையெழுத்து விட்டுப்போனால் சரிசெய்ய நேரம் வேண்டுமே. ஐரோப்பியச் சான்று, அங்கே நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், அதனால் முன்கூட்டி வாங்கி வைக்கவும் முடியாது.

முழுப் பயணமும் ஒரே விமான நிறுவனத்தில் இருக்கட்டும். இடையில் நிறுவனம் மாறினால் நாயை அந்த நாட்டில் இறக்கி மறுபடி ஏற்றுவதாகிவிடும், அதற்கு அந்த நாட்டின் அனுமதியும் வேண்டியிருக்கும். "பழைய தேதி போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட் பக்கமே போக வேண்டாம். தேதி இடித்தால் பிரிட்டனில் நான்கு மாதம் வரை தனிமைப்படுத்துவார்கள், செலவு முழுவதும் உங்களுடையது.

திரும்பி வரும்போது வழி இன்னும் குறுகல். குடியிருப்பை மாற்றிக்கொண்டு நாடு திரும்புபவர் இரண்டு நாய்கள் வரை கொண்டுவரலாம். ஆனால் எல்லா விமான நிலையத்திலும் இறக்க முடியாது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்றிருந்த பட்டியலில் 2024 இல் கொச்சியும் சேர்ந்தது. நமக்கு இப்போது அதுதான் பக்கம். வெளிநாட்டில் இருக்கும் காலத்திலும் ஊர் திரும்பிய பிறகும் ரேபிஸ் ஊசியை ஒரு நாளும் தவறவிடாமல் போட்டு வந்தால், ஐரோப்பாவுக்கு மறுபடி போகும்போது முதலில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டே செல்லும். அதன் மூலப் பிரதியை உங்கள் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.