பல்லே இல்லாத ஷாஃப்ட் கைலிய எப்படி இழுக்குது?

எங்க மாமா பர்மாவுல பெகு பக்கம் ஒரு அரிசி மில்லுல வேலை பாத்தாரு. ஒரே எஞ்சின், அதுலருந்து பெல்ட் போயி மேல நீளமா ஒரு ஷாஃப்ட, அதாவது இரும்புத் தண்ட, சுத்த வைக்கும், தீட்டுறது சலிக்கிறது எல்லாத்துக்கும் அதுலருந்துதான் பெல்ட் பிரியும். அவரு பல்சக்கரத்துக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டாரு, வழவழன்னு இருக்குற அந்த ஷாஃப்டுக்குத்தான் பயப்படுவாரு. பல்லே இல்லாதது எதைப் பிடிச்சு இழுக்கும்னு எனக்கு அப்ப புரியல.

ரங்கூன் ஜெட்டியில படகு கட்டுறவங்கள பாத்திருப்பீங்க. கயித்த கட்டையில மூணு சுத்து சுத்திட்டு நுனிய ஒத்தக் கையில சும்மா பிடிச்சிருப்பாங்க, அவ்வளவு பெரிய படகு நகராது. உராய்வோட பிடி சுத்துக்கு சுத்து கூடுறது இல்ல, பெருகுது. 18ஆம் நூற்றாண்டுலயே ஆய்லர்ங்குற கணித மேதை இதுக்கு கணக்கு போட்டுட்டாரு. உராய்வு எண் (ரெண்டு பரப்பு ஒண்ணையொண்ணு எவ்வளவு பிடிக்கும்ங்குற அளவு) 0.3ன்னு வச்சா ஒரு சுத்துக்கு 6.6 மடங்கு.

இப்ப கைலி முனை ஷாஃப்டுல வேர்வையோ எண்ணெயோ பட்டு ஒட்டுது, அந்த ஒட்டுல 10 கிராம் பிடிதான்னு வைங்க. ஒரு சுத்துல 66 கிராம், ரெண்டுல 430, மூணுல கிட்டத்தட்ட 3 கிலோ, நாலுல 19, அஞ்சாவது சுத்துல 120 கிலோவுக்கு மேல! நிமிஷத்துக்கு 300 சுத்துன்னா அஞ்சு சுத்துக்கு ஒரே ஒரு செகண்டுதான். அதுலயும் துணி தன் மேலயே சுத்திக்கிட்டு அடிச்சுத்த அமுக்குறதால பிடி இன்னும் இறுகும். நம்ம மூளை சுதாரிக்கவே கால் செகண்ட் ஆகும், 5 சென்டிமீட்டர் தடிமன் ஷாஃப்டுன்னா அதுக்குள்ள 20 சென்டிமீட்டர் துணி போயிருக்கும்.

சரி, பலத்தால இழுத்து நிறுத்தலாமான்னா, 10 குதிரைத்திறன் எஞ்சின் அந்த ஷாஃப்டோட விளிம்புல ஏறக்குறைய 1 டன் இழுக்கும். சுவிட்ச அணைச்சாலும் ஃப்ளைவீல் (எஞ்சினோட கனமான சக்கரம்) கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நைஞ்ச பருத்தித் துணின்னா கிழிஞ்சு ஆள விட்டுடும், பாலியெஸ்டர் கலந்தது லேசுல கிழியாது (விலை கூட குடுத்து வாங்குனதுதான் இங்க எமன்).

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, ஷாஃப்ட் மேல தொளதொளன்னு ஒரு குழாய மாட்டிடுறது. சும்மா இருக்குறப்ப அது ஷாஃப்டோட சேந்து சுத்தும், துணி பட்டா குழாய் மட்டும் நின்னுடும், ஷாஃப்ட் உள்ள சுத்திக்கிட்டு கிடக்கும்.

மாமா மில்லுல அந்தக் குழாய் இருந்ததில்ல. கைலிய தார்ப்பாய்ச்சி கட்டிக்கிட்டுதான் ஷாஃப்டுக்குக் கீழ போவாரு.