ரெண்டு ஸ்டாப்தானே, நடந்தே போயிடலாம்

ரெண்டு ஸ்டாப் தூரத்துக்கு பஸ் வருமா வராதான்னு நிக்குறதுக்கு பதிலா நடந்துடுவோம்ல, கேட்டா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவோம், ஆனா நடந்தா எத்தனை நிமிஷத்துல போய் சேருவோம்னு நமக்கே தெரியும், அதான் பெரிய காரணம். கனடாவுல மான்ட்ரியல்ல மெக்கில் யுனிவர்சிட்டிக்கு வந்து போறவங்ககிட்ட கேட்டு 2014ல வெளியான ஆய்வுலயும், கார்லயும் பஸ்லயும் வர்றவங்கள விட நடந்து வர்றவங்களுக்குத்தான் திருப்தி ஜாஸ்தி. இத்தனைக்கும் அது பனி கொட்டுற ஊரு.

உடம்போட வேலை இன்னும் அழகு. ஊனின கால், தலைகீழா கவுத்து வச்ச பெண்டுலம் மாதிரி. உடம்பு அது மேல ஏறும்போது வேகம் கொறஞ்சு உயரமா மாறும், அந்தப் பக்கம் இறங்கும்போது அந்த உயரமே திரும்ப வேகமாயிடும், அதனால தசைக்கு வேலை ரொம்பவே மிச்சம். மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்துலதான் ஒரே தூரத்துக்கு உடம்புக்கு ஆகுற சக்திச் செலவு கம்மி, யாரும் சொல்லித் தராமலே நம்ம கால் அதைக் கண்டுபிடிச்சுடும்.

இந்த ஓட்டத்தை நடுவுல நிறுத்துனா சேத்த வேகம் அத்தனையும் போச்சு, மறுபடி தசைதான் தள்ளணும். எங்க தெரு பிளாட்பாரம் அதைத்தான் செய்யுது. ரோடு எப்படி இருக்கணும்னு விதிமுறை வகுக்குற இந்திய சாலை காங்கிரஸ்ங்கற அமைப்போட 2012 வழிகாட்டி, பிளாட்பாரம் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, நடக்க குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும்னு சொல்லுது. இங்க ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் இறங்கி ஏறணும், முட்டி வலியோட அம்மா பக்கத்துல நிக்குற பைக் சீட்டைப் பிடிச்சு ஒரு காலை மெதுவா கீழ வைப்பாங்க, மூணாவது கேட்டுல வெறுத்துப்போய் ரோட்டுலயே நடப்பாங்க. அதே அம்மா, 2019ல அகலமான நடைபாதை போட்ட சென்னை பாண்டி பஜார்ல கடை கடையா பாத்துக்கிட்டு எங்கயும் உக்காராம நடக்குறாங்க!

ஆனா பஸ் காசை மிச்சம் பிடிக்க வேற வழியில்லாம நடக்குறவங்களை இந்தக் கணக்குல சேக்கவே கூடாது, கால் ஒண்ணுதான்னாலும் மனசு வேற. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா முன்னாடி ரெண்டு வேளையும் நடந்தாங்க. 2021ல தமிழ்நாட்டுல சாதாரண பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு ஆனதும் காலைல பஸ்தான். சாயங்காலம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரம்மாவோட பேசிக்கிட்டே நடந்து போறாங்க, பஸ் முன்னாடி வந்து நின்னாலும் ஏறுறதில்ல.