தங்கிப் பார்க்க வந்த மலையில் பத்திரம் பதியாதீர்கள்

கோடை சீசன் முடிந்து மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் குறைந்த பிறகுதான், குன்னூரில் உள்ள என் அலுவலகத்துக்கு இந்த வகை விருந்தினர் வரத் தொடங்குவார்கள். கையில் மலைவீட்டுக்கோ மனைக்கோ கொடுத்த முன்பண ரசீதோ, இருபத்தைந்து ஆண்டுக்கான விடுமுறைத் திட்ட உறுப்பினர் ஒப்பந்தமோ (முதலிலேயே பணம் கட்டி, ஆண்டுக்குச் சில நாள் விடுதியில் தங்கும் உரிமை வாங்குவது) இருக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து, "இது நல்ல முதலீடுதானே சார்?" என்று கேட்பார்கள். பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகன் என்ற முறையில் நான் தரும் பதில் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது. இந்த ஆண்டு கோவையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதியிடம் அதையே மறுபடி சொன்னபோது, எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

கோத்தகிரிப் பக்கம் மூன்று நாள் தங்க வந்தவர்கள் அவர்கள். விடுதிக்காரர் அறிமுகப்படுத்திய தரகரோடு மாலையில் நடக்கப் போய், மேகம் விலகிய நேரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் ஒரு காட்டேஜைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். விலை 65 லட்சம். அதில் 15 லட்சம் அவர்களுடைய ஓய்வுக்காலப் பணம். மீதி 50 லட்சம் மகன் பெயரில் வீட்டுக் கடன். "நாங்கள் வராத நாளில் வாடகைக்கு விடலாம், அந்த வாடகையே தவணையைக் கட்டிவிடும், எங்களுக்குத் தங்கும் செலவும் மிச்சம்" என்றார் அந்த அம்மா.

மலைவீட்டின் வாடகை அதன் தவணையைக் கட்டிவிடும் என்ற இந்த நம்பிக்கையைப் போல என் பொறுமையைச் சோதிப்பது வேறெதுவும் இல்லை; ஆகவே கொஞ்சம் விரிவாகவே கணக்குப் போடுகிறேன். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு 50 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 45,000 ரூபாய், ஆண்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். தரகர் போடும் கணக்கில் மாதம் இருபது இரவு, இரவுக்கு 4,000 ரூபாய் என்று 80,000 வந்துவிடும். அவர் சொல்வது மே மாதத்துக் கணக்கு. ஜூலை மழையில், வார நாளில், அந்தக் காட்டேஜுக்கு யார் வருவார்கள்? ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர், தொடர் விடுமுறைகள் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து ஆண்டுக்குத் தொண்ணூறு இரவு என்று வைத்துக்கொண்டாலும் வருவது 3 லட்சத்து 60 ஆயிரம். அதில் இணையவழி முன்பதிவுத் தளத்தின் கமிஷனாக 60,000 போகட்டும். மாதம் 12,000 சம்பளத்தில் ஒரு காவலாளி வைத்தால் ஆண்டுக்கு 1,44,000. மின்கட்டணம், தண்ணீர் லாரி, சலவை, மழை முடிந்ததும் ஓதம் ஏறிய சுவருக்குப் பூச்சு என்று இன்னொரு 60,000. கையில் நிற்பது 96,000 ரூபாய். இது இரண்டு மாதத் தவணையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதிப் பத்து மாதத்தை மகன்தான் கட்ட வேண்டும்.

இதில் நான் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணமாகப் போகும் 9 சதவீதத்தைச் சேர்க்கவே இல்லை. மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டி இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸையும் சேர்க்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. மலையின் தாங்கும் திறனை எண்ணினால் அது நியாயமான வரம்பு. ஆனால் வாடகையை நம்பித் தவணை கட்டுகிறவர், தன் வருமானத்துக்கு மேலே ஒரு மூடி இருப்பதையும், அதைத் திறப்பதும் மூடுவதும் தன் கையில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அதே 15 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் என்ன ஆகும்? 60 வயதானவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும்; ஆண்டுக்கு 1,23,000. இந்த வட்டிக்கு வரி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் ஓர் ஆண்டு கோத்தகிரி, மறு ஆண்டு கொடைக்கானல், அடுத்து பேரப்பிள்ளைகளோடு மலை ரயில் என்று போய்வரலாம். ஐந்தாண்டு முடிவில் அசலும் அப்படியே திரும்பும். சொந்தக் காட்டேஜ் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே வீட்டுக்கு வந்து, முதல் நாளைப் பிளம்பரைத் தேடுவதிலும் இரண்டாம் நாளைக் காவலாளியோடு கணக்குத் தீர்ப்பதிலும் கழிப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டு வருவார்கள். பிறகு பரீட்சை, அலுவலகம் என்று காரணம் கிடைத்துவிடும்.

வீடு வேண்டாம், காலி மனை வாங்கிப்போடலாம் என்பவர்களுக்கு: வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது மலையில் போதாது. கூடலூர் வட்டத்தில், ஜென்மிகள் எனப்பட்ட பெருநிலக்காரர்களின் உடைமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்கள் இன்றும் தீராத வழக்காக இருக்கின்றன. சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. அந்த வழித்தடப் பகுதியான மசினகுடிப் பக்கம் மலிவாக மனை கிடைக்கிறது என்றால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமா, ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தேவைப்படும் கிராமமா, பட்டா தனியா கூட்டா, வண்டி போகும் வழி பத்திரத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் வழக்கறிஞர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களே தடுமாறும் விஷயம் இது. மூன்று நாள் தங்க வந்தவருக்கு எப்படிப் பிடிபடும்?

விடுமுறைத் திட்ட உறுப்பினர் விஷயத்தில் நான் சுருக்கமாகவே சொல்வேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் நீங்கள் தங்கினாலும் தங்காவிட்டாலும் உண்டு. அது ஏறிக்கொண்டே போகும். கேட்ட மே மாதத்தில் அறை கிடைப்பது அரிது. விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. இலவச இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து, இன்றைக்குள் கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று சொல்கிறவரிடம், சாப்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

நான் பயணத்துக்கு எதிரியில்லை. இங்கே வந்து ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் போகிற குடும்பங்களைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான். பயணம் செலவு, அதைச் செலவாகவே மதித்து, முதலீடு என்ற போர்வை போர்த்தாமல் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆறு மாதக் குடும்பச் செலவு கைக்கெட்டும் சேமிப்பில் இருக்கட்டும். அதைத் தொடாமல், பயணத்துக்கென்று தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கி, முதிர்ந்த தொகைக்குள் அடங்கும் பயணத்தைத் திட்டமிடுங்கள். தொகை குறைவாக இருந்தால் நாளைக் குறையுங்கள், அல்லது சீசன் இல்லாத நாளில் வாருங்கள். ஆகஸ்டில் அறை வாடகையும் குறைவு, கூட்டமும் இல்லை. கடன் அட்டைத் தவணையில் சுற்றுலா போகாதீர்கள். ஊருக்குத் திரும்பி முப்பது நாள் ஆகும்வரை, மலையில் பார்த்த எதற்கும் கையெழுத்திடாதீர்கள்; கணவர் மட்டும் முடிவெடுத்து மனைவிக்குப் பிறகு சொல்வதும் வேண்டாம்.

முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மீதியையும் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. உறுப்பினர் ஒப்பந்தமாக இருந்தால் விலகுவதற்கான நாள் வரம்பு அதில் அச்சாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதற்குள் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள், தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. மனை, வீட்டு முன்பணமாக இருந்தால் ரசீதையும் தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். என்னிடம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.